புட்டு விழுங்கிய நீலக்கல்

கருங்கணவாய் என்ற மலையூரில் ஆண்கள் சுரங்கம் வெட்டினார்கள். வீட்டுக்கு வீடு மண்குருளை வளர்த்தார்கள். பூனைக்குட்டி அளவே உள்ள பிராணி அது. சுரங்கத்தில் கிடைக்கும் நீலக்கல்லைத் தின்றால் உருமாறும். யானை உயரத்துக்கு வளர்ந்து, நகத்தால் பாறையைப் பிளக்கும் மலைப்பிளவன் ஆகிவிடும். ஆனால் உருமாறிய கணமே பழைய நினைவு அத்தனையும் அழியும். வளர்த்தவரையே தெரியாது. உருமாற மனமில்லாத குருளை கல்லைத் துப்பிவிடும். கட்டாயப்படுத்த எவராலும் ஆகாது.

உமையாளின் மகள் நாச்சி முட்டையிலிருந்து வளர்த்த குருளைதான் புட்டு. ஒரு மழைக்காலத்தில் ஊருக்குள் நோய் புகுந்தது. குருளைகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. நாச்சியும் படுக்கையில் விழுந்தாள். சாகும் முன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, புட்டுவுக்கு நீ கல்லு குடுக்கக் கூடாது. அது என்னை மறந்துடும்."

"குடுக்க மாட்டேன்டி கண்ணு."

ஊரிலேயே புட்டு ஒன்றுதான் மிஞ்சியது. மாலையானால் நாச்சியின் பாயருகே உட்கார்ந்து, அவள் பழக்கிய சீழ்க்கையை அப்படியே அடிக்கும். அதைக் கேட்பதற்காகவே உமையாள் உயிரோடு இருந்தாள்.

ஒரு காலையில் சுரங்கத்தின் வாய் இடிந்து அடைத்துக்கொண்டது. உள்ளே சிக்கியவர்கள் பாறையைத் தட்டும் சத்தம் வெளியே கேட்டது. கடப்பாரைகள் வளைந்தன, பாறை அசையவில்லை. பக்கத்து வீட்டு வள்ளிமயில் நீலக்கல்லோடு ஓடிவந்தாள். அவள் கணவன் மாடசாமியும் உள்ளே இருந்தான்.

"அக்கா, புட்டுவை விடுங்க. தட்டுற சத்தம் குறைஞ்சுக்கிட்டே வருது."

"செத்துப்போனவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், மயிலு."

"சாகப்போறவங்களுக்கு என்னக்கா பதில்?"

உமையாள் கதவைச் சாத்தித் தாழிட்டாள். தட்டும் ஒலி எட்டியதோ என்னவோ, புட்டு கதவைப் பிறாண்டியது. அவள் அதை அள்ளி மடியோடு அழுத்திக்கொண்டாள். வெளியே வள்ளிமயில் அழுதாள், கெஞ்சினாள், பிறகு ஏசினாள்.

பிற்பகலில் அவள் ஜன்னலை உடைத்து நீலக்கல்லை உள்ளே எறிந்தாள். உமையாள் பாய்வதற்குள் புட்டு முந்திக்கொண்டது. கல்லைக் கவ்வியபடி ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு விழுங்கியது.

சுவர் பெயர்ந்து விழ, மலைப்பிளவன் வெளியேறியது. பொழுது சாய்வதற்குள் சுரங்கத்தைத் திறந்துவிட்டது. சிலர் உயிரோடு வந்தார்கள். மாடசாமியைப் பிணமாகத்தான் தூக்கிவந்தார்கள்; உடம்பில் சூடு அடங்கவில்லை.

"கொஞ்சம் முன்னால வந்திருந்தா..." என்று தொடங்கிய ஒருவன், உமையாளைக் கண்டதும் நிறுத்திக்கொண்டான்.

அவள் மலைப்பிளவனின் முன்னால் போய் நின்று, மகளைப் போலவே சீழ்க்கையடித்தாள். அது யாரையோ பார்ப்பதுபோல் பார்த்து, அவளை விலகிக் காட்டுக்குள் போய்விட்டது.

வாக்கைக் காத்தவள் உமையாள். பிறர் வீட்டை உடைத்தவள் வள்ளிமயில். வளர்த்தவளை மறக்கத் துணிந்தது புட்டு. கதை கேட்டவர்களே, இதில் யார் செய்தது சரி? மாடசாமியின் சாவு யார் தலையில்?

விடை: சரியாகச் செய்தது புட்டு. நினைவு அதனுடையது, துப்ப முடிந்தும் விழுங்கியது. வள்ளிமயில் உடைத்தது ஜன்னலை மட்டுமே. முடிவைப் புட்டுவிடமே விட்டாள். உமையாள் கொடுத்த வாக்கோ தன் கையால் கல் கொடுப்பதில்லை என்பதுதான். தாழிடச் சொல்லி நாச்சி கேட்கவில்லை. தாழிட்டது மகளுக்காக அல்ல, தனக்காக. மாடசாமி செத்தது அந்தத் தாழால். ஊரில் ஒருவரும் இதை அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.