பதினேழாவது புங்கங்கன்று

அன்று ஜெபத்தோட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். தோட்டத்தை நடத்துகிற யூனிஸ் அம்மா, வயது நாற்பத்தேழு. அவரிடம் ஜெபம் கற்றுக்கொள்ள வந்து இரண்டு வருடமாகத் தங்கியிருக்கும் ஞானாபரணம், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், வயது அறுபத்து மூன்று. புருஷனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்த செல்வக்கனி. அவளை அழைத்து வந்த ஆட்டோக்காரர் சிலுவைமுத்து. சிலுவைமுத்து வேலிக்கு உள்ளே வரவில்லை. அவர் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

தேரிக்காட்டு ஓரம், செம்மண் நிலம். நோயாளிக்காக ஜெபிக்க வருகிறவர்கள் அங்கே ஒரு கன்று நடுவார்கள். பிறகு வரும்போதெல்லாம் அதன் முன்னால் முழங்கால் போடுவார்கள். எது யாருடையது என்று குழப்பம் வந்தபோது, ஞானாபரணம்தான் தகரத்தை வெட்டி, ஆணியால் எண்ணும் பெயரும் வயதும் குத்தி, ஒவ்வொரு கன்றிலும் கட்டிவிட்டார். டிக்கெட் கிழித்த கை. நம்பர் இல்லாமல் அதற்கு நிம்மதி கிடையாது.

தகடு வந்த பிறகு இன்னொரு பழக்கமும் வந்தது. வருகிறவர்கள் தங்கள் கன்றுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினார்கள். தளிர் விட்டிருந்தால் ஸ்தோத்திரம் சொன்னார்கள். இலை பழுத்திருந்தால் பேசாமல் எழுந்து போனார்கள்.

பதினேழாம் நம்பர்ப் புங்கு நான்கு நாளாகத் துவண்டு நின்றது. அன்று காலை ஞானாபரணம் தொட்டதும் கையோடு சாய்ந்தது. மண்ணைக் கிளறிப் பார்த்தார். கரையான் வேரைத் தின்று முடித்திருந்தது.

தகட்டில் 'ஆசீர்' என்று இருந்தது. செல்வக்கனியின் புருஷன்.

முந்தின நாள்தான் அவள் போனில் அழுதிருந்தாள். ஆசீருக்கு இருதய ஆபரேஷன். சாயங்காலம் நாலு மணிக்குள் அவன் கையெழுத்துப் போட வேண்டும். இதை விட்டால் ஒரு மாதம்கூடத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனோ, "நீ போய் என் கன்னைக் கண்ணால பார்த்துட்டு வா. அப்புறம்தான் பேனாவைத் தொடுவேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டானாம்.

பதினெட்டாவது கன்றும் புங்குதான். அதே உயரம், இலை கொள்ளாத பச்சை. அந்த வீட்டார் இந்தப் பக்கம் வந்து ஒரு வருடம் ஆகிறது. பட்டதைப் பிடுங்கி எறிந்துவிடலாம். ஆனால் வரிசையில் ஒரு நம்பர் குறையுமே! ஞானாபரணம் சாய்ந்த தண்டை நிமிர்த்தி மண் அணைத்தார். இரண்டு தகடுகளையும் அவிழ்த்தார். மாற்றிக் கட்டினார்.

யூனிஸ் அம்மா கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"ஒரு பொய்யால ஒரு உசிர் பிழைக்கும்னா, அந்தப் பொய்யும் ஒரு ஜெபம்தானே?"

அம்மா அவர் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் செம்மண் இருந்தது.

"முதல்ல தண்ணி ஊத்துவோம்" என்றார்.

பன்னிரண்டரைக்கு ஆட்டோ வந்தது. செல்வக்கனி செருப்பைக் கழற்றாமலே உள்ளே ஓடி வந்தாள்; பாதி வழியில் நினைவு வந்து திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தாள்.

"ஒரு மணி பஸ்ஸை விட்டா அடுத்தது மூணுக்குத்தான்!" என்று வெளியிலிருந்து சிலுவைமுத்து கத்தினார். "ஜெபத்தைச் சுருக்கமா முடிங்க அக்கா! ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு, டிரைவர் கோவிச்சுக்குவான்!"

ஞானாபரணம் அவளை வரிசை வழியே கூட்டிப் போனார்.

"இதாம்மா. பதினேழு."

அவள் தகட்டைப் புரட்டிப் பெயரைப் படித்தாள். இலையைத் தடவினாள்.

"கொஞ்சம் தள்ளி நட்ட மாதிரி ஞாபகம், ஐயா."

"எல்லாம் வளந்துட்டுல்லா. அடையாளம் மாறிப்போகும்."

"ஆமா, வளந்துட்டு." முழங்காலில் விழுந்தாள். அழுதாள், சிரித்தாள். "எப்படித் தளிர் விட்டிருக்கு பாருங்க! மனுஷன் இனிமே ஒண்ணும் பேச முடியாது." போனை எடுத்துப் படம் பிடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

ஞானாபரணம் மூச்சு விட்டார்.

எழுந்தவள் நகரவில்லை. பக்கத்துக் கன்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குனிந்து அதன் தகட்டைப் படித்தாள்.

"பதினெட்டு. ஜெனிட்டா. வயசு நாலு." தகட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "ஐயோ... ஐயா, இந்தப் பிள்ளை போயிட்டா?"

"சே சே, அப்படியெல்லாம் இல்லம்மா."

"பட்டுப்போய் நிக்குதே! நாலு வயசு ஐயா. என் சின்னவளுக்கும் நாலுதான்." அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அதைப் பெத்தவ எங்கே கிடந்து அழுதாளோ!"

"அழாதேம்மா. பிள்ளைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கரையான் தின்னுட்டு. செடிதானம்மா இது, வெறும் செடி!"

"அப்போ பக்கத்துல நிக்கிறது மட்டும் என்ன, அண்ணாச்சி?"

யூனிஸ் அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் தண்ணீர்க் குடம். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

வெளியே ஆட்டோ ஹாரன் இரண்டு முறை அடித்தது.

செல்வக்கனி ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தாள். "என்ன? என்ன ஐயா?"

அம்மா ஞானாபரணத்தையே பார்த்தார். காத்திருந்தார்.

"பதினேழுதாம்மா பட்டது" என்றார் ஞானாபரணம். "காலையில நான்தான் தகட்டை மாத்திக் கட்டினேன்."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். பிறகு அவள் சத்தம் வந்தது. அது அழுகை இல்லை.

"பொய் சொன்னவரு, அதை ஒழுங்கா முடிச்சிருக்கக் கூடாதா? சந்தோஷமாப் போயிருப்பேனே! நாலு மணிக்குக் கையெழுத்து விழுந்திருக்குமே! இப்ப எந்த முகத்தோட போய் நிப்பேன்?"

ஞானாபரணம் பதிலுக்காக அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

அம்மா குடத்தைக் கீழே வைத்திருந்தார். இடுப்பிலிருந்த சிற்றரிவாளால் பதினேழின் கயிற்றை அறுத்தார். பிறகு பதினெட்டு. பிறகு பத்தொன்பது. வரிசையாகப் போனார். தகடுகள் செம்மண்ணில் ஒவ்வொன்றாக விழுந்தன.

"அம்மா! நம்பர் போயிரும்மா!" என்று ஞானாபரணம் பின்னாலேயே ஓடினார்.

"நீங்க கட்டும்போதே நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும். சொல்லலை. இதுல பாதி என் தப்பு அண்ணாச்சி. அந்த வரிசையை நீங்க அறுங்க."

அவர் நின்றார். அரிவாளை வாங்கினார். அறுத்தார்.

முடிந்ததும் பட்ட கன்றை அம்மா ஒரே இழுப்பில் பிடுங்கி வேலி ஓரம் போட்டார். குடத்தை எடுத்துச் செல்வக்கனியின் கையில் கொடுத்தார்.

"நேரம் ஆகுதும்மா" என்றாள் அவள்.

"ஆகுது. ஊத்து."

"எந்தக் கன்னுக்கு?"

செல்வக்கனி சுற்றிலும் பார்த்தாள். எந்தக் கன்றிலும் பெயர் இல்லை. காலடியில் இருந்ததற்கு ஊற்றினாள். அதற்கு அடுத்ததற்கு ஊற்றினாள். குடம் தீர்ந்தது. ஞானாபரணம் இன்னொரு குடம் கொண்டு வந்தார். மூன்றாவது குடத்தில் அவள் உதடுகள் அசைந்தன. யார் பெயரைச் சொன்னாள் என்று அவருக்குக் கேட்கவில்லை.

"அக்கா! பத்து நிமிஷம்தான் இருக்கு!" இந்தத் தடவை சிலுவைமுத்து கேலி எதுவும் சேர்க்கவில்லை.

அவள் குடத்தை இறக்கினாள். போனை எடுத்து அந்தப் படத்தைப் பார்த்தாள். அழித்தாள்.

"அம்மா, கன்னு எங்கேன்னு கேப்பாரு."

"பட்டுப்போச்சுன்னு சொல்லு. கரையான் தின்னுச்சுன்னு சொல்லு. மறைக்காதே."

"அவர் மனசு விட்டுருவாரும்மா. அப்போ எனக்குன்னு அங்க என்ன மிச்சம் இருக்குன்னு கேப்பாரு."

யூனிஸ் அம்மா தோட்டத்தை ஒரு முறை முழுக்கப் பார்த்தார். பிறகு ஞானாபரணத்தைப் பார்த்தார். அவர் விரலை மடக்கி, நிற்கிற கன்றுகளை உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடிக்கும்வரை அம்மா பொறுத்திருந்தார். அவர் மெதுவாகச் சொன்னார். அம்மா அதைச் செல்வக்கனியிடம் சொன்னார்.

"நாப்பத்தொண்ணு."