தாண்டவமூர்த்தியின் திடீர் பக்தி

தென்காசிப் பக்கம் மரக்கடை வைத்திருந்த தாண்டவமூர்த்திக்கு, தன்னை விட்டால் உலகத்தில் வேறு கெட்டிக்காரன் கிடையாது. ஒருநாள் காலையில் கடை ஆட்களைக் கூப்பிட்டு உத்தரவு போட்டார். "உங்க போன், பேங்க் பாஸ்வேர்டு எல்லாத்தையும் சீட்டுல எழுதிக் குடுங்க. என் இரும்புப் பெட்டியில பத்திரமா இருக்கும். குடுக்காதவங்க நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்."

வேலை போய்விடுமோ என்று பயந்து எல்லாரும் எழுதிக் கொடுத்தார்கள். பில் போடும் இசக்கியம்மாள் மட்டும் வெறுங்கையோடு வந்தாள்.

"குடுக்கேன் அண்ணாச்சி. பெட்டிச் சாவி பத்திரமா இருக்கா?"

"அது இருக்க இடம் என் பெண்டாட்டிக்கே தெரியாது!"

"அப்படியா? யாரோ கண்டுபிடிச்சிட்டதா வெளிய பேசிக்கிடுதாங்களே."

அவ்வளவுதான். அண்ணாச்சிக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைக் கும்பிட்டார். லாரியில் மரம் இறக்கும்போது பாதியில் ஓடிவந்து கும்பிட்டார். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் கும்பிட்டார். கோயில் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷன்!

சாயங்காலம் இசக்கியம்மாள் எல்லார் முன்னாலும் போய், படத்துக்குப் பின்னால் கையை விட்டாள். சாவி வந்தது. பெட்டியைத் திறந்து, அவரவர் சீட்டை அவரவரிடம் கொடுத்தாள்.

அண்ணாச்சி முகம் சுண்டிப்போனது. "அப்போ நீ உன் பாஸ்வேர்டை எங்க வச்சிருக்கே?"

"அதுக்குன்னே போன்ல ஒரு ஆப் இருக்கு அண்ணாச்சி. எல்லாம் அதுக்குள்ள பூட்டிக் கெடக்கு. அதைத் திறக்குற பாஸ்வேர்டு மட்டும் என் மனசுல."

"அந்த ஒண்ணை மட்டும் எங்கிட்ட சொல்லேன்."

"சொல்லலாம். அப்புறம் நானும் உங்கள மாதிரி நாள் முழுக்கச் சாமி கும்பிட்டுக்கிட்டே இருக்கணுமே!"