அப்பாவின் இலையும் ஜிம்மியும்

அப்பா வால்பாறை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த காலம். எங்கள் நாய் ஜிம்மிக்குப் பந்தி என்றால் போதும், இலை இலையாக மூக்கை நுழைக்கும்.

"ஞாயித்துக்கிழமை முதலாளி சாப்பிட வர்றார். அதுக்குள்ள இதுக்கு மரியாதை கத்துக்குடு. இல்லைன்னா வேலையை விட்டு நின்னுக்க!" சமையல்கார வேலம்மாவிடம் அப்பா கர்ஜித்தார்.

ஞாயிறன்று ஜிம்மி அப்பாவின் காலடியில் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது.

போன தடவை ஜிம்மியின் சேட்டையைப் பார்த்திருந்த முதலாளி அசந்துபோனார். "எப்படிம்மா பழக்கினே?"

"நாயை ஒண்ணும் பழக்கலீங்க. ஐயா இலைக்கு மட்டும் அப்பளம் வைக்கலீங்க. அவரு கீழ போடற துண்டைத் தின்னு ருசி கண்டுதான் அடுத்த இலைக்குப் போவுமுங்க."

முதலாளிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்பா ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் அப்பா தணிந்த குரலில் கேட்டார்: "இன்னைக்கு அப்பளம் உண்டா, வேலம்மா?"

வேலம்மா அவர் இலையில் இரண்டு அப்பளம் வைத்தாள்.