தளவாயின் வயிற்றில் சுண்ணாம்புக் கோடு

ராஜா கொட்டாவி விட்டாலே ஊர் நடுங்கிய முன்னொரு காலத்தில், ஒரு ராஜாவுக்குச் சிம்மாசனம் குத்த ஆரம்பித்தது. தோல் இருக்கை போட்ட நாற்காலிதான் வேண்டுமாம்! விகடகவி பொன்னம்பி, தோல் வேலையில் கெட்டிக்காரனான மாசாணத்தை அழைத்து வந்தான். பொன்னம்பியைக் கண்டாலே வயிறெரியும் தளவாய் கொழுந்தப்பர், "தோலை நான் தருகிறேன்" என்று முந்திக்கொண்டார்.

நாற்காலி வந்தது. ராஜா உட்கார்ந்தார். அவ்வளவுதான்! இருக்கை தொய்ந்து, ராஜா இடுப்புவரை உள்ளே போக, கால் இரண்டும் மேலே நின்றன. நாலு பேர் பிடித்து இழுத்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள்.

"இந்த மாசாணத்தின் தோலை உரித்து இதற்குப் போடுங்கள்!" என்று ராஜா சீறினார்.

"ஐயோ சாமி! தளவாய் ஐயா குடுத்த தோலத்தான போட்டேன்!" என்று மாசாணம் கதறினான்.

"பொய்! நான் கொடுத்தது முதல்தரத் தோல்" என்றார் தளவாய்.

பொன்னம்பி சுண்ணாம்புக் கட்டியோடு முன்னே வந்தான். மாசாணத்தின் முதுகைத் தடவி உதட்டைப் பிதுக்கினான்.

"அரசே, இது வெயிலில் காய்ந்த தோல். போதாததற்கு முள் கீறல் வேறு. நல்லதாகப் பொறுக்கட்டுமா?"

"எது நல்லதோ அதைப் போடு!" என்று ராஜா உறுமினார்.

பொன்னம்பி நேரே போய்த் தளவாயின் அங்கவஸ்திரத்தை உருவி, அவர் வயிற்றைச் சுற்றி ஒரு கோடு போட்டான். "அடடா! ஒட்டே வேண்டாம், ஒரே துண்டில் இருக்கை முழுக்க வந்துவிடும்!"

தளவாய் இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டார். "ஐயையோ! வயிற்றுத் தோல் ஆகவே ஆகாது மன்னா! உட்கார்ந்தால் தொய்ந்துவிடும்! முதுகுத் தோல்தான் தாங்கும்!"

"யார் சொன்னது?" என்றார் ராஜா.

"இந்த மாசாணமே சொன்னான்! நான் மாட்டின் வயிற்றுத் தோலைக் கொடுத்த அன்றே தலையில் அடித்துக்கொண்டானே!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

"அடப்பாவி! அப்படியானால் இவன் முதுகுத் தோலையே எடு!" என்று ராஜா கத்தினார்.

"இதுவும் ஆகாது அரசே, ஒரே கொழுப்பு" என்ற பொன்னம்பி, மெல்ல ராஜாவின் பின்பக்கம் வந்தான். "இந்த ராஜ்ஜியத்தில் வெயிலே படாமல், தினமும் சந்தனம் பூசிய முதுகு ஒன்றே ஒன்றுதான்..."

ராஜா துள்ளிக் குதித்துத் தூணில் முதுகை ஒட்டிக்கொண்டார். ராஜா சுண்ணாம்பைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். பிறகு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"போதுமப்பா, மாட்டுத் தோலே போதும்!"

ராஜாவின் முத்துமாலை பொன்னம்பிக்குப் போயிற்று. மாசாணம் உயிரோடு வீட்டுக்குப் போய், நல்ல முதுகுத் தோலாகப் பார்த்து ஊறவைத்து, இழுத்து ஆணியடித்தான். அது காய்ந்து இறுகும்வரை, ராஜாவின் கட்டளைப்படி மூன்று நாளும் பக்கத்தில் நின்று விசிறியவர் தளவாய்தான்.