பூவாயி கூப்பிட்ட குரல்

முன்னொரு காலத்தில், வெயில் எட்டிப் பார்க்காத ஒரு மலைநாட்டில் பூவாயி என்றொரு பெண் இருந்தாள். தேனெடுக்கக் காட்டுக்குப் போன அவள் புருஷன் திரும்பவில்லை. மழை வந்தது, போனது, அவன் வரவில்லை. பனி வந்தது, போனது, அவன் வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அவளே தேடிப் புறப்பட்டாள்.

நடுக்காட்டில் ஒரு குகை. வாசலில் மூன்று ஆண்கள் சிலைபோல நின்றார்கள். மூவருக்கும் அவள் புருஷனின் முகம். புருவத்தில் அதே தழும்பு.

குகைக்குள்ளிருந்து புகைமுகன் என்ற மந்திரவாதி வந்தான்.

"ஒருத்தன் உன் ஆளு. மத்த ரெண்டும் என் புகை. மூணு தடவை கூப்பிடு. மயக்கம் தெளிஞ்சு அவன் ஓடி வந்தா கூட்டிட்டுப் போ. வரலேன்னா நீ கல்லு. எங்கே, பேரைச் சொல்லு!"

"எங்க ஊர்ல புருஷன் பேரைச் சொல்ல மாட்டோம். ஏங்கன்னுதான் கூப்பிடுவோம்."

"சோத்துக்கும் ஏங்க, சண்டைக்கும் ஏங்கவா?" என்று சிரித்தான் அவன்.

"சொல்லு ஒண்ணுதான். குரல்தான் வேற."

சோறு ஆறிப்போகும்போது கூப்பிடும் குரலில், "ஏங்க..." என்றாள். மூவரும் ஒன்றுபோலத் தலையைத் திருப்பினார்கள். யாரும் வரவில்லை. அவள் முழங்கால் வரை கல்லானாள்.

கோபம் வந்தால் கூப்பிடும் குரலில், "ஏங்க!" என்றாள். மூவரும் ஒன்றுபோலத் தலை குனிந்தார்கள். இடுப்பு வரை கல்லானது.

"காக்கையா உன் கூரையில உட்கார்ந்து எல்லாக் குரலையும் கேட்டாச்சு. என் புகைக்கும் சொல்லிக் கொடுத்தாச்சு," என்றான் புகைமுகன்.

கொஞ்சலாகக் கூப்பிட நினைத்தாள். அதற்குள் குளிர் நெஞ்சுக்கு ஏறியது. மூச்சு முட்டியது. "ஏ...ங்க..." என்று குரல் உடைந்து வந்தது. அப்படி அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எந்தக் காக்கையும் அதைக் கேட்டதில்லை.

இருவர் என்ன செய்வதென்று தெரியாமல் மந்திரவாதியின் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவன் ஓடி வந்தான். பாசியில் வழுக்கி விழுந்தான், எழுந்தான், ஓடி வந்து கல்லோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டான்.

"பூவாயி, நான் இருக்கேன் புள்ள!"

மந்திரம் உடைந்தது. இரண்டு புகையும் தூறலில் கரைந்தன. புகைமுகனும் கரைந்தான். கல் இளகியது, இடது கால் மட்டும் கடைசிவரை கனத்தது. அவளை அவன் முதுகில் சுமந்து வீடு சேர்த்தான். புகைமுகன் பிடித்து வைத்திருந்த மலைத்தேன் முழுக்க அவர்களுடையதாயிற்று.

அதன்பிறகு எத்தனையோ குரலில் பூவாயி அவனைக் கூப்பிட்டாள். அந்த ஒரு குரலில் மட்டும் கூப்பிடவில்லை. கூப்பிடும்படி அவன் வைக்கவில்லை.