ரோபோவுக்கு வைத்த பொட்டு

விஜயதசமி காலையில் எங்கள் பள்ளி ரோபோவுக்கு என்னவோ ஆகிவிட்டது. எதிரே தடை இருந்தால் விலகி, இல்லாவிட்டால் நேரே போகவேண்டிய வண்டி அது. வெறுந்தரையில் நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றியது. பேட்டரியை மாற்றினோம், சுற்றியது. வெளியே வராந்தாவில் கொண்டுபோய் விட்டோம்; அங்கேயும் சுற்றியது. எங்களுக்கும் தலை சுற்றியது.

பயிற்சியாளர் சிதம்பரநாதன் சென்னையிலிருந்து வந்தவர். தன்னிடம் தப்பே வராது என்பவர்.

"புரோகிராம் எழுதுனது யாரு?"

இசக்கியம்மாள் எழுந்தாள்.

"ரோபோவைத் தொடாதே, லேப்டாப்பையும் தொடாதே. இப்பவே இது நேரா ஓடணும். இல்லேன்னா நாளைக்குப் போட்டிக்கு நீ வரவேண்டாம்."

தொடாமல் எப்படிச் சரிசெய்வது? நாங்கள் முழித்தோம். இசக்கி குனிந்து ரோபோவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பூசை மேசையிலிருந்த சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

"சார், உங்க ரெண்டு கண்ணுலயும் இதை அப்பட்டுமா?"

"அறிவிருக்கா? கண்ணுல சந்தனத்தை அப்பினா எப்படி நடக்கிறது?"

"அதைத்தான் சார் அதுவும் கேக்குது."

எல்லோரும் ரோபோவைப் பார்த்தோம். தடையைக் கண்டுபிடிக்கும் இரண்டு வட்டச் சென்சார்களையும் சந்தனமும் குங்குமமும் மூடியிருந்தன. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்கு எதிரே தடைதான். நேற்று ஆயுத பூசையில் சாரே தன் கையால் வைத்த பொட்டு!

அவர் தரையில் உட்கார்ந்து கைக்குட்டையால் துடைத்தார். ரோபோ சுற்றுவதை நிறுத்தியது. நேராக அவரிடம் வந்தது. முழங்காலுக்கு முன்னால் நின்றது, தடை என்று கண்டுகொண்டு ஒதுங்கிப் போனது.

"புரோகிராம் சரியாத்தான் இருக்கு சார்," என்றாள் இசக்கி.