ஒன்றுமில்லாத தெரு

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னது என் மதினி செண்பகவடிவு. என் கடைசி மகன் வேலைக்கென்று துபாய்க்கு விமானம் ஏறிய மறுநாள் அது. "வீட்டிலே ஒண்ணுமே இல்லாதது மாதிரி இருக்கு மதினி" என்று அடுப்படியில் உட்கார்ந்து நான் புலம்பிக்கொண்டிருந்தேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே இதைச் சொன்னாள். அவளுக்கு யார் சொன்னார்களோ, எனக்குத் தெரியாது. எனக்கு வந்த மாதிரி எழுதுகிறேன்.



"தாயே, ஒண்ணுமே இல்லாத இடம்னு இந்த உலகத்திலே எங்கேயாவது உண்டா?"

கேட்டவர் குற்றாலிங்கம். தலை முழுக்க நரைத்தவர். மனைவியை இழந்தவர்.

கேட்கப்பட்டவர் ஆற்றங்கரை மடத்து அம்மை. வயதில் அவருக்கு மகள் மாதிரி. ஆனாலும் அந்தப் பக்கத்தில் பல் போன கிழவர்கள்கூட அவரைத் தாயே என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் எல்லாரையும் ஐயா என்பார்.

அம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"திடீர்னு என்ன ஐயா இப்படி ஒரு கேள்வி?"

"நேத்து மடத்துக்கு வந்த ரெண்டு படிச்சவங்க பேசிக்கிட்டாங்க. நட்சத்திரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவிலே ஒண்ணுமே கிடையாதுன்னார் ஒருத்தர். அங்கேயும் வெளிச்சம் போய்க்கிட்டுதானே இருக்கு, பிறகெப்படி ஒண்ணுமில்லைன்னு சொல்றதுன்னார் மத்தவர்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா எனக்குத் தெரியும் தாயே. அப்படி ஒரு இடம் இருக்கு."

"எங்கே?"

குற்றாலிங்கம் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"எனக்கு ஒரு மக இருந்தா. என் பேச்சை மீறி நெசவுக்காரத் தெருப் பையன் ஒருத்தனைக் கட்டிக்கிட்டா. ஊர் பார்க்க ஆத்திலே இறங்கித் தலைமுழுகிட்டேன். அன்னையிலேருந்து அவ இருந்த இடத்திலே ஒண்ணுமில்லை. கோபம் இல்லை, அழுகை இல்லை, ஞாபகம்கூட இல்லை. துறவுன்னா அதுதானே? எனக்குக் காவி கொடுங்க."

அம்மை முறத்தைக் கீழே வைத்தார்.

"அடேயப்பா. பெரிய பெரிய ஆளுங்க தேடிக் கிடைக்காததை நீங்க வீட்டிலேயே வச்சிருக்கீங்களா?"

"கேலி பண்ணாதீங்க தாயே."

"கேலி இல்லை ஐயா. நான் பார்த்ததே இல்லை. காட்டுங்க. பார்த்துட்டுத் தர்றேன்."

மடிப்புக் கலையாத காவித் துணி ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அம்மை கிளம்பிவிட்டார்.



ஊர் பக்கத்தில்தான். மடத்து வாசலில் நின்று பார்த்தால் கோயில் கோபுரம் தெரியும்.

குற்றாலிங்கம் கால்வாய்க் கரையில் இறங்கி நடந்தார். அம்மை பின்னால் போனார். கரையெல்லாம் கருவேல முள். போகப் போகக் கோபுரம் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டே வந்தது.

"ஐயா, ஊர் அந்தப் பக்கம் இல்லே இருக்கு?"

"இது நான் தினமும் வர்ற வழி தாயே."

"நேர் வழி கிடையாதா?"

"இருக்கு. நெசவுக்காரத் தெரு வழியாப் போகணும்."

"அதிலே என்ன?"

"அதிலே ஒண்ணும் இல்லை."

அம்மை ஒரு கல்லில் உட்கார்ந்தார். உள்ளங்காலில் தைத்த முள்ளை நகத்தால் நெம்பி எடுத்தார்.

"ஒண்ணும் இல்லாதது வழியை மறிக்குமா ஐயா?"

குற்றாலிங்கம் முன்னால் நடந்தார்.



வீட்டில் அவருடைய அக்கா பேச்சியம்மாள் இருந்தாள். முட்டு வலியால் வாசல் தாண்டாதவள். வாய்க்கு மட்டும் வலி கிடையாது.

"வாங்க தாயே, வாங்க. இவனுக்குக் காவி கொடுக்கப் போறீங்களாமே? கொடுங்க, கொடுங்க. ஒரு வேட்டி துவைக்கிற வேலை எனக்கு மிச்சம்."

"அக்கா, சும்மா இரு."

"நான் சும்மாதாம்லே இருக்கேன். நீதான் சாமியாராகப் போறே."

அம்மை சிரித்தார். மோர் வாங்கிக் குடித்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மகளின் படமோ துணியோ ஒரு வளையலோ அங்கே இல்லை. எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்திருந்தார்கள். சொன்ன சொல் நிஜந்தான்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க ஐயா?" என்று அம்மை சாதாரணமாகக் கேட்டார்.

"ரெண்டு. ரெண்டும் பயலுவ. மெட்ராஸ்லே இருக்கானுவ."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"பார்த்தீங்களா தாயே?" என்றாள் பேச்சியம்மாள். "மழையிலே நனைஞ்சாலும் இருமமாட்டான். பனியிலே படுத்தாலும் இருமமாட்டான். யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டுட்டாப் போதும்."

"அக்கா!"

"நான் பேரைச் சொன்னேனா? சொல்லலையே. சத்தியம் வாங்கிட்டான் தாயே. இந்த வீட்டிலே அவ பேச்சை எடுக்கக் கூடாதுன்னு. ஊர்க்காரங்களும் பயந்துக்கிட்டு எதையும் சொல்றதில்லை. பிள்ளை எப்படி இருக்கான்னு எனக்குத் தெரியாது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை."

அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

குற்றாலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு போலிருக்கு தாயே."

"இருக்கு ஐயா."

"அதையும் இல்லாமப் பண்ண வழி சொல்லுங்க."

"இன்னொரு தடவை முழுகுங்க. வாங்க."



படித்துறையில் தண்ணீர் தெளிந்து ஓடியது. துணி துவைக்கிற பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"போன தடவை என்ன சொல்லி முழுகினீங்க?"

"என் மக செத்துட்டான்னு சொல்லி."

"பேரைச் சொன்னீங்களா?"

"இல்லை."

"அப்போ ஆத்துக்கு எப்படித் தெரியும், யாரைக் கொண்டு போகணும்னு?"

குற்றாலிங்கம் விழித்தார்.

"பேரைச் சொல்லி முழுகுங்க ஐயா. மிச்சம் மீதி எல்லாம் போயிடும். கரை ஏறினதும் காவியைக் கட்டிக்கலாம்."

அவர் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கையைக் கூப்பினார். வாயைத் திறந்தார்.

இருமல் வந்தது.

மறுபடியும் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. தண்ணீர் அவரைச் சுற்றிக்கொண்டு போனது.

அம்மை கரையில் உட்கார்ந்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் சொல்லிவிட்டார்.

"ஆவுடை."

ஆற்றுக்குச் சொல்கிற குரலில்லை அது. சோறு ஆறிப்போகுது, வந்து சாப்பிட்டுட்டுப் போ என்று தெருவில் விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிடுவோமே, அந்தக் குரல்.

"ஆவுடை. ஏ ஆவுடை."

அவர் முழுகவில்லை. அப்படியே கரை ஏறினார். வேட்டியைப் பிழியவில்லை, அம்மையைப் பார்க்கவில்லை. சொட்டச் சொட்ட நடந்தார்.

நேர் வழியில் நடந்தார்.



நெசவுக்காரத் தெருவில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வீடு அவருக்குத் தெரியும். வேலிக்கு மேலே பவழமல்லி தலை நீட்டிக்கொண்டிருந்த வீடு. எத்தனை சுற்றிப் போனாலும் எந்த வீடு என்று தெரிந்துதானே வைத்திருந்தார்.

கதவைத் தட்டினார். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். அவருக்கு முகம் மலர்ந்தது. பிறகுதான் அது வேறு பெண் என்று தெரிந்தது.

"யாரு வேணும் பெரியவரே? ஏன் இப்படி நனைஞ்சிருக்கீங்க?"

"ஆவுடை... ஆவுடைத்தங்கம்."

"அவங்களா? வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களே. இங்கே நெசவு ஓடலை. தறியைக் கொடுத்துட்டுப் பொழைப்புக்குப் போயாச்சு. தைப்பொங்கல் கழிச்சு நாங்க குடி வந்தோம்."

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

அதற்கு இருமல் வரவில்லை.

"அப்பா."

அந்தப் பெண் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கால்வாய்க் கரையிலே போவீங்களே, அந்த அப்பாவா?"

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் அப்போ அடுத்த வீட்டிலேதானே இருந்தேன். தினமும் ஆவுடையக்கா கருவேல மரத்துப் பின்னாலே போய் நிப்பாங்க. நீங்க கடந்து போனதும் திரும்பி வந்துருவாங்க. எங்கே போயிட்டு வர்றீங்கன்னு கேட்டா, எங்கப்பா இன்னும் நல்லா நடக்காருன்னு சொல்வாங்க. அவ்வளவுதான் சொல்வாங்க."

அவள் இன்னும் ஏதோ சொன்னாள். உள்ளே வந்து தலையைத் துவட்டச் சொன்னாள். அவர் காதில் ஏறவில்லை. திரும்பி நடந்தார்.



அம்மை படித்துறையிலேயே இருந்தார். காவித் துணி மடியில் இருந்தது.

குற்றாலிங்கம் அவர் காலடியில் வந்து விழுந்தார்.

"போயிட்டா தாயே. என் மக போயிட்டா. நான் யாரைச் சுத்திப் போனேனோ அவ நான் சுத்திப் போற வழியிலேயே நின்னிருக்கா. ஒரு தடவை தலையைத் திருப்பியிருந்தாப் போதும். திருப்பலையே, பாவி நான் திருப்பலையே."

அம்மை அவரைத் தூக்கிப் படியில் உட்காரவைத்தார்.

"நான் கேட்டேனே, ஒண்ணுமே இல்லாத இடம் உண்டான்னு. இப்போ பார்த்துட்டேன் தாயே. அந்த வாசலிலே நின்னு கண்ணாலே பார்த்தேன். இதுதானே அது? இதுக்கு மேலேயும் ஒண்ணுமில்லாமப் போக முடியுமா? நீங்களே சொல்லுங்க. உண்டா, இல்லையா?"

அம்மை காவித் துணியை உதறினார். அதாலேயே அவர் தலையைத் துவட்டிவிட்டார்.

"எந்த ஊருக்குப் போனாங்கன்னு அந்தப் பொண்ணுகிட்டே கேட்டீங்களா ஐயா?"



மதினி இத்தோடு நிறுத்திவிட்டாள். கீரையை அள்ளிச் சட்டியில் போட்டாள்.

பிறகு அவர் போய்க் கேட்டாரா, மகளைப் பார்த்தாரா, அவளுக்கும் தெரியவில்லை.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்குச் சாமி கும்பிடும்போது, குற்றாலிங்கத்துக்காகவும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.